வீட்டுக் காகிதங்கள் போனில்: தேடினால் உடனே கிடைக்கும்படி வைப்பது எப்படி?

எங்கள் வீட்டில் ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, வண்டி இன்சூரன்ஸ் எல்லாமே யாராவது ஒருவர் போனில் படமாக இருந்தன. கேட்கிற நேரத்தில் எடுக்க முடியாததுதான் பிரச்சினை. கல்யாணப் படங்களுக்கும் குட் மார்னிங் படங்களுக்கும் நடுவே தள்ளித் தள்ளித் தேடிவிட்டு, கடைசியில் தம்பியைக் கூப்பிட்டு "வாட்ஸப்ல மறுபடி அனுப்புடா" என்போம். இப்போது அந்த வேலை இல்லை. கூகுள் கணக்கு உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

1. ஸ்கேன்

கேமராவில் படம் எடுக்க வேண்டாம். கூகுள் டிரைவ் செயலியிலேயே ஸ்கேன் வசதி உண்டு. கேமரா அடையாளமாகவோ, கூட்டல் குறிக்குள்ளேயோ இருக்கும். அது ஓரங்களை வெட்டி, கோணலை நிமிர்த்தி, பிடிஎஃப் ஆக்கிவிடும். ஐபோன்காரர்களுக்கு நோட்ஸ் செயலியிலும் இதே வசதி இருக்கிறது. ரேஷன் கார்டு போல இரண்டு பக்கம் உள்ளவற்றை ஒரே பிடிஎஃபில் வையுங்கள்.

இதற்கென்று தனிச் செயலி தேவையே இல்லை என்பது என் கட்சி. பலருக்கும் பழக்கமான கேம்ஸ்கேனர், 2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் ஒன்று. மற்றவை பலவும் விளம்பரம் காட்டும், இல்லையென்றால் காகிதத்தின் மேல் தன் பெயரை அச்சடிக்கும்.

2. பெயர் வைப்பது

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போட்டு அடுக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வண்டி இன்சூரன்ஸ் "வண்டி"க்குள் போகுமா, "இன்சூரன்ஸ்"க்குள் போகுமா என்ற கேள்வியிலேயே நேரம் போய்விடும். ஒரே ஃபோல்டர் போதும். கோப்பின் பெயர் சரியாக இருந்தால் தேடல் பெட்டி மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

யாருடையது, என்ன காகிதம், தேவைப்பட்டால் எந்தத் தேதி. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அம்மா-ஆதார்
அப்பா-பான்
வீடு-பட்டா
வீடு-வரிரசீது-2024-09
ஸ்கூட்டர்-இன்சூரன்ஸ்-2025-03

தேதியில் ஆண்டு முன்னால் வரவேண்டும், மாதம் இரண்டு இலக்கத்தில் இருக்கவேண்டும். 09 என்று எழுதாமல் 9 என்று எழுதினால், பல இடங்களில் வரிசைப்படுத்தும்போது அக்டோபர் ரசீது செப்டம்பருக்கு முன்னால் போய் உட்காரும்.

இன்னொரு விஷயம், எங்களை அதிகம் படுத்தியது இதுதான். ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் ஆதாருக்கு ஒருவர் நான்கு 'ஏ' போடுவார், இன்னொருவர் மூன்றோடு நிறுத்துவார், மூன்றாமவர் இரண்டே போடுவார். ஒரு எழுத்துக்கூட்டலில் தேடினால் மற்றது வராது. தமிழில் வைத்துவிட்டால் அந்தக் குழப்பமே இல்லை. போன் கீபோர்டில் தமிழ் வராதென்றால், மைக்கை அழுத்தி வாயால் சொல்லிவிடுங்கள். ஆனால் சில விண்ணப்பத் தளங்கள் தமிழ்ப் பெயருள்ள கோப்பை ஏற்காமல் முரண்டு பிடிக்கும். அங்கே ஏற்றுவதற்கு மட்டும் ஒரு நகல் எடுத்து ஆங்கிலப் பெயர் கொடுத்தால் போதும்.

3. ஆதார் பிடிஎஃப் பாஸ்வேர்டு

ஆதார் தளத்தில் இறக்கிய பிடிஎஃப் பாஸ்வேர்டு கேட்கும். பெயரின் முதல் நான்கு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், பிறகு பிறந்த ஆண்டு. கேட்க எளிது. இனிஷியல் வைத்திருக்கும் நம்மவர்களுக்குத்தான் இங்கே சிக்கல்.

கார்டில் ஆங்கிலப் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே எண்ண வேண்டும். இடைவெளி கணக்கில் வராது, புள்ளி வரும். பி. குமார் என்று புள்ளியோடு இருந்தால் பி, புள்ளி, கே, யூ என்பவைதான் அந்த நான்கு. 1990இல் பிறந்தவர் என்றால் அடுத்து 1990. அதே ஆள் குமார் பி என்று இனிஷியலைப் பின்னால் வைத்திருந்தால் கே, யூ, எம், ஏ. திறக்கவில்லை என்றால் முதலில் கார்டில் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள்.

பாஸ்வேர்டு உள்ள கோப்பைச் சில தளங்கள் வாங்காது. கம்ப்யூட்டரில் குரோமில் திறந்து, பிரிண்ட் கொடுத்து, "பிடிஎஃபாகச் சேமி" என்பதைத் தேர்ந்தெடுத்தால் பாஸ்வேர்டு இல்லாத நகல் கிடைக்கும். மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். டிஜிட்டல் கையெழுத்து அதில்தான் இருக்கிறது.

4. சிக்னல் இல்லாத இடத்துக்கு

தாலுகா அலுவலகக் கட்டடங்களுக்குள் போனால் டவர் போய்விடும் என்பது உங்களுக்கே தெரியும். டிரைவில் கோப்பின் மூன்று புள்ளியை அழுத்தி, ஆஃப்லைனில் கிடைக்கும்படி வைக்கலாம். ஆதார், ரேஷன் கார்டு, வண்டிக் காகிதங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் செய்தால் போதும்.

5. டிஜிலாக்கர்

டிரைவில் இருப்பது நம் வசதிக்கான நகல். டிராஃபிக் போலீஸிடம் அதைக் காட்டி வாதாட முடியாது. ஓட்டுநர் உரிமம், ஆர்சி புத்தகம், மார்க் ஷீட் போன்றவற்றை மத்திய அரசின் டிஜிலாக்கர் செயலியில் எடுத்து வையுங்கள். அதிலும் துறைகளிடமிருந்து நேரடியாக வந்து சேரும் 'இஷ்யூடு' பகுதி ஆவணங்களுக்குத்தான் அசலுக்குச் சமமான மதிப்பு. நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றியது 'அப்லோடட்' பகுதியில் இருக்கும், அது வெறும் நகல்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு உறவினர் ஒருவர், "வாட்ஸப்பில் அனுப்பினால் எழுத்து மங்குகிறதே" என்றார். படமாக அனுப்பினால் வாட்ஸப் அதன் தரத்தைக் குறைத்துவிடும். பேப்பர்கிளிப்பை அழுத்தி 'டாக்குமென்ட்' வழியாக அனுப்புங்கள்.

ஜெராக்ஸ் கடை நம்பருக்கு ஆதார் அனுப்பலாமா என்று இன்னொரு கேள்வி வந்தது. அவசரத்துக்கு வேறு வழியில்லை, சரி. ஆனால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு' ஆதாரும் அதே ஆதார் தளத்தில் கிடைக்கிறது. லாட்ஜ், ஜெராக்ஸ் கடை போன்ற இடங்களுக்கு முதலில் அதைக் கொடுத்துப் பாருங்கள். அனுப்பினால், பிரிண்ட் வந்ததும் கடைக்காரர் முன்னாலேயே 'அனைவருக்கும் நீக்கு' கொடுங்கள். அவர் இறக்கி வைத்திருந்தால் கம்ப்யூட்டரிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை யாரும் மறுப்பதில்லை.

அப்புறம், எல்லாக் காகிதமும் ஒரே கூகுள் கணக்கில் இருப்பதால் இருபடிச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் வசதி) இன்றைக்கே போட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ், புகைச் சான்று, பாஸ்போர்ட் போன்ற காலாவதியாகும் காகிதங்களுக்கு, முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் காலண்டரில் நினைவூட்டல் வையுங்கள். பாஸ்போர்ட்டுக்கு மட்டும் ஒரு வருடம் முன்னாலேயே வைப்பது நல்லது. அதில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கவேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன.