மஞ்சள் விளக்கு எரிந்ததும் மாட்யூலை மாற்றாதீர்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் போதும், கடலூர்–புதுச்சேரி சாலையில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு ஒரே புகாரோடு கார்கள் வரும். "சறுக்குற கார் மாதிரி ஒரு மஞ்சள் லைட் எரியுதுண்ணா." முதல் கார் வாங்கியவர்கள்தான் பெரும்பாலும். அது ஈ.எஸ்.சி., அதாவது கார் சறுக்காமல் காக்கும் எலக்ட்ரானிக் அமைப்பின் விளக்கு. வேகம், தேய்ந்த டயர் பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும். வருஷா வருஷம் நான் பார்க்கிற வேறு தவறுகளைச் சொல்கிறேன்.

இரண்டு விதமாக எரிவதை ஒன்றாக நினைப்பது

ஸ்டார்ட் செய்யும்போது எரிந்து அணைந்தால் அது வெறும் சோதனை. ஓடும்போது விட்டுவிட்டு எரிந்தால் ஈ.எஸ்.சி. அந்த நொடியில் வேலை செய்கிறது, தரையில் பிடிப்பு இல்லை என்று அர்த்தம். நம் பக்கம் உளுந்துச் செடியைச் சாலையிலேயே பரப்பிவிடுவார்களே, அதன்மேல் வளைந்து ஏறினால் இப்படி எரியும். பதறி ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி, போக வேண்டிய பக்கமே பிடியுங்கள். அணையாமல் நின்று எரிந்தால்தான் பழுது.

விளக்கு எரிகிறது என்று மாட்யூலையே மாற்றுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. பாகூர் பக்கத்துத் தம்பி ஒருவர் எங்கேயோ முன் சக்கர பேரிங் மாற்றியிருக்கிறார். மறுநாளே ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), ஈ.எஸ்.சி. இரண்டு விளக்கும் எரிந்திருக்கின்றன. மாட்யூல், அதாவது இந்த இரண்டையும் இயக்கும் கணினிப் பெட்டி, போய்விட்டது என்று சொல்லி, பெரிய தொகை வாங்கி அதையும் மாற்றிவிட்டார்கள். விளக்கு அணையவில்லை. எங்களிடம் வந்தபோது ஸ்கேனரில் முன் இடது சக்கரத்தின் வேகம் வரவே இல்லை. கழற்றினால், பேரிங்கைத் திருப்பிப் போட்டு அடித்திருக்கிறார்கள்!

இந்த வகை பேரிங்கின் ஒரு பக்க சீலில் காந்தப் பட்டை இருக்கும். அந்தப் பக்கம்தான் சென்சாரைப் பார்க்க வேண்டும். ஒரு குண்டூசியை வைத்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். அதைக்கூடச் செய்யாமல் ஒரு குடும்பத்தின் காசைக் கரைத்துவிட்டார்கள். திருப்பிப் போட்டதைக் கழற்றினால் அந்த பேரிங்கும் வீண்.

ஈ.எஸ்.சி. எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இப்படி ஏமாற வேண்டியதில்லை. 1995-ல் பாஷ் தயாரித்து மெர்சிடிஸ் பென்ஸ் காரில் வந்ததிலிருந்து அடிப்படை ஒன்றுதான். நீங்கள் எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்று ஸ்டியரிங் சென்சார் சொல்லும். கார் உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று கார் பாடியில் இருக்கும் இன்னொரு சென்சார் சொல்லும். சக்கரத்துக்கு ஒன்றாக வேக சென்சார்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் இன்ஜின் இழுவையைக் குறைத்து, தேவையான சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடிக்கும். பின்பக்கம் வெளியே வீசினால் வளைவின் வெளிப்புற முன் சக்கரத்தில். திரும்பாமல் நேரே இழுத்தால் பெரும்பாலும் உள்புறப் பின் சக்கரத்தில்.

இதில் ஒரு சென்சார் பேசாவிட்டாலும் மாட்யூல் ஒதுங்கிக்கொண்டு விளக்கைப் போட்டுவிடும். அதாவது விளக்கு எரிவதே மாட்யூல் சரியாக இருப்பதால்தான் என்றும் இருக்கலாம். அதனால் முதலில் ஸ்கேனர் போட்டு எரர் கோடு என்ன என்று கேளுங்கள். சக்கர வேகத்தைக் காட்டினால் வயர், கனெக்டர், பேரிங் எல்லாம் பார்த்த பிறகுதான் மாட்யூல் பேச்சு. கடல் காற்றில் நம் ஊர்க் கனெக்டர்கள் பச்சை பூத்துக் கிடக்கும், அதைச் சுத்தம் செய்தாலே சரியான வண்டிகள் உண்டு.

அளவு வேறான டயரைக் கலந்து போடுவது

வேண்டாம்.

ஈ.எஸ்.சி. ஆஃப் பட்டனை அழுத்திவிட்டு மறப்பது

மணலில் சிக்கினால் மட்டும் அழுத்துங்கள். வெளியே வந்ததும் மறுபடி போட்டுவிடுங்கள்.

தேங்கிய தண்ணீரில் ஈ.எஸ்.சி.யை நம்புவது

டயர் தண்ணீர்மேல் மிதந்துவிட்டால் எந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்தாலும் பிடிப்பு கிடைக்காது. தண்ணீர் கண்ணில் பட்டதுமே வேகத்தைக் குறையுங்கள்.

வீல் அலைன்மென்ட் முடிந்ததும் அப்படியே கிளம்புவது

ஸ்டியரிங் நேராக இருப்பதை சென்சாருக்கு மறுபடி கற்றுத்தர வேண்டிய கார்கள் உண்டு. இல்லாவிட்டால் நேரே போகும்போதும் நீங்கள் திருப்புவதாகவே நினைத்துக்கொள்ளும், விளக்கும் எரியும். காசு கொடுப்பதற்கு முன், "ஸ்டியரிங் சென்சார் ஜீரோ பண்ணிட்டீங்களா?" என்று கேட்டு, ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.