நிழல் மரம் வாங்குமுன் சுவரிலிருந்து அளந்து பாருங்கள்

நடப்போகும் குழியிலிருந்து சுவர், நடைபாதை அல்லது தண்ணீர்க் குழாய் 8 மீட்டருக்குள் இருந்தால் குல்மொகரை விட்டுவிட்டுப் புங்கனைத் தேர்ந்தெடுங்கள்; பின்னாளில் தரை பெயர்வதற்கும் கிளை வெட்டுவதற்கும் ஆகும் செலவு பெரும்பாலும் மிச்சமாகும். மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட குல்மொகரின் வேர்கள் மண்ணின் மேல்மட்டத்திலேயே பருத்துப் பரவித் தளத்தைத் தூக்கக்கூடியவை என்பதோடு, குடைபோல் அகன்று விரியும் அதன் கிளைகள் பலமான காற்றில் எளிதில் முறிந்து விழும். புங்கனின் ஆணிவேரோ ஆழமாக இறங்குவது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மரம் வேர்முடிச்சுகளின் வழியே தழைச்சத்தையும் (நைட்ரஜன்) மண்ணில் நிலைநிறுத்துகிறது. நீண்ட வறட்சியில் குல்மொகர் இலையுதிர்த்து நிற்க, புங்கனோ ஆண்டில் சிறிது காலமே இலையின்றி இருப்பதால், நிழலுக்காகவே நடுபவருக்கு என் வாக்கு புங்கனுக்குத்தான்.

எனினும் பையில் நெடுநாள் இருந்து ஆணிவேர் சுருண்டுபோன புங்கங்கன்றுக்கு ஆழமாக வேரிறங்கும் சாதகம் முழுமையாகக் கிட்டாது. இளங்கன்றாகப் பார்த்து வாங்குவதோ விதையை நேரடியாக ஊன்றுவதோ நல்லது. சுற்றிலும் கட்டடமற்ற திறந்தவெளியில், நிழலைவிடச் செம்பூக்களே முதன்மை என்றால், குல்மொகரையே நடலாம். உறைபனி விழும் இடங்களுக்கு இக்குறிப்பு பொருந்தாது.