பார்லர் நாற்காலியில் இறக்கி வைக்கப்படும் கவலைகள்: அழகுக்கலைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் பியூட்டி பார்லரில் வேலை செய்யும் பெண்கள் முதுகுவலி, கால்வலியைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவார்கள். சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போது மனசு கனத்துப் போயிருப்பதைப் பற்றி அப்படிப் பேசுவதில்லை. ஃபேஷியலுக்குக் கண்ணை மூடிப் படுத்திருப்பவர், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதாலேயே வீட்டில் சொல்லாததைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். முடியை நேராக்கும் ஸ்மூத்னிங் என்றால் மூன்று, நான்கு மணி நேரம்கூட ஆகும். அவ்வளவு நேரமும் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பதும் உழைப்புதான். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட், விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்து 1983-இல் எழுதியபோது இதை ‘உணர்ச்சி உழைப்பு’ என்றார்.

இதில் ஆளை அதிகம் தேய்ப்பது, கேட்ட பிரச்சினைக்கெல்லாம் தீர்வு சொல்லியே ஆக வேண்டும் என்ற எண்ணம். “அக்கா, நான் அம்மா வீட்டுக்கே போயிடட்டுமா?” என்று ஒருவர் கேட்டதும் போ என்றோ, பொறுத்துக்கோ என்றோ சொல்லிவிட்டால் அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் நடக்கும் எல்லாவற்றுக்கும் நீங்களும் பொறுப்பாகிவிடுவீர்கள். ராத்திரி படுத்தாலும் அதே நினைப்புதான். “கேட்கவே கஷ்டமா இருக்கும்மா. வீட்ல யார்கிட்ட இதைப் பேச முடியும் உங்களால?” என்று கேளுங்கள். பலருக்கும் காது கொடுக்க ஒரு ஆள்தான் வேண்டியிருக்கிறது. ஆறுதலுக்காக உங்கள் வீட்டுக் கதையைப் பதிலுக்குச் சொல்வதும் வேண்டாம். அடுத்த முறை அவர் உங்களை விசாரிக்க, ஆறத் தொடங்கிய புண்ணை நீங்களே கிளற வேண்டி வரும்.

மலையூரில் இன்னொரு சிக்கல் உண்டு. பெருநகரத்தில் நாற்காலியை விட்டு எழுந்து போனவரை அடுத்த மாதம்தான் பார்ப்போம். இங்கே மறுநாளே மார்க்கெட்டில் எதிரே வருவார். ஒரே ஹட்டியிலிருந்து, அதாவது ஒரே படுகர் ஊரிலிருந்து, மாமியார் டை அடிக்கவும், மருமகள் த்ரெட்டிங்குக்கும், நாத்தனார் கல்யாண மேக்கப்புக்கும் உங்களிடமே வருவார்கள். மூன்று பேரின் வருத்தமும் உங்கள் தலையில் ஏறும். அந்தப் பாரம் தாங்காமல் வேறொரு வாடிக்கையாளரிடம் பெயர் சொல்லாமல் லேசாகக் கொட்டிவிடத் தோன்றும். அது மட்டும் கூடவே கூடாது. நம் ஊரில் பெயரே சொல்லாவிட்டாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒருவர் இன்னொருவரைப் பற்றிப் பேச்செடுத்தாலும், “அவங்களும் இங்க வர்றவங்கதான்மா, அவங்க பேச்சு வேண்டாமே” என்று ஆரம்பத்திலேயே கனிவாகச் சொல்லிவிடலாம். சொன்னால் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் பெரும்பாலும் வீண். அடுத்தவர் பேச்சை எடுக்காதவர், தங்கள் பேச்சையும் வெளியே விடமாட்டார் என்று அவர்களுக்கே புரியும். நீங்கள் மனம்விட்டுப் பேச ஊருக்கு வெளியே, இந்தக் குடும்பங்களை அறியாத ஒருவர் இருப்பது நல்லது.

வெலிங்டன் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு வேறு மாதிரியான வலி. அங்குள்ள ராணுவ ஸ்டாஃப் காலேஜ் பயிற்சிக்கு வரும் அதிகாரிகளின் குடும்பங்கள் ஜூன் வாக்கில் வந்து, அடுத்த ஏப்ரலில் கிளம்பிவிடும். பத்து மாதம் ‘தீதீ, தீதீ’ (அக்கா) என்று ஒட்டிக்கொண்டவர் ஒரே நாளில் இல்லாமல் போவார். இப்படிச் சில முறை ஆனதும், இனி யாரிடமும் ஒட்டவே கூடாது என்று மனதை இறுக்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இறுகிய மனசோடு இந்த வேலையைச் செய்வது இன்னும் களைப்பு. பழகுங்கள், பிரியும்போது வருத்தப்படுங்கள், அது போதும்.

சீசன் கணக்கிலும் ஒரு தவறு நடக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் மலர்க் கண்காட்சிக் கூட்டமும் முகூர்த்தங்களும் சேர்ந்து வரும்போது இடைவெளியே இல்லாமல் அப்பாயின்ட்மென்ட் கொடுத்துவிடுகிறோம். அழுது தீர்த்தவரை அனுப்பிய கையோடு சிரித்த முகமாக மணப்பெண்ணை வரவேற்க வேண்டியிருக்கிறது. நடுவே பத்து நிமிடம் விட்டு, அதையும் ஒரு அப்பாயின்ட்மென்ட் போல நோட்டில் எழுதி வையுங்கள். காலியாக விட்டால் யாராவது நிரப்பிவிடுவார்கள். வெந்நீரில் கை கழுவி, டீயை உட்கார்ந்து குடியுங்கள். மழை மாதங்களில் ஆள் வரத்துக் குறையும்போது இதற்கு நேர்மாறாக நடக்கும். இருக்கும் வாடிக்கையாளரையும் இழந்துவிடுவோமோ என்று ராத்திரி பதினொரு மணிப் புலம்பலுக்கெல்லாம் பதில் போடுவோம். வாட்ஸ்அப் பிசினஸில் கடை நேரம் முடிந்ததும் தானாகப் பதில் போகும் வசதி இருக்கிறது. கடைக்குத் தனி எண் வைத்து அதைப் போட்டுவிடுங்கள்.

தள்ளி நிற்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கழுத்திலோ கையிலோ அடிபட்ட தடம் தெரிந்தால் கண்டும் காணாமல் இருக்காதீர்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் குடும்ப வன்முறையை அடையாளம் காண அழகுக்கலைஞர்களுக்கு 2017 முதல் பயிற்சியே கட்டாயம். அப்படித் தடத்தோடு வருபவரைத் தனியாக விசாரியுங்கள். பெண்கள் உதவிக்கு 181, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸின் 14416. இரண்டுமே இலவச எண்கள். வீட்டில் போனை எடுத்துப் பார்ப்பார்கள் என்றால் எண்ணை மெசேஜில் அனுப்ப வேண்டாம். கடை போனிலிருந்தே பேசட்டும். நீங்களாகக் கணவரிடம் போய் நியாயம் கேட்காதீர்கள். அது அந்தப் பெண்ணுக்கே ஆபத்தாக முடியலாம்.

கடை நடத்துபவர்களுக்கு ஒன்று. சிடுசிடுக்கும் வாடிக்கையாளரைப் புதிதாக வேலை பழகும் சின்னப் பெண்ணிடம் தள்ளிவிடும் வழக்கம் பல கடைகளில் இருக்கிறது. எதிர்த்துப் பேசத் தெரியாததால்தான் அவளிடம் தள்ளுகிறோம். அவர் வரும் நாளில் நீங்களே நில்லுங்கள். அந்தப் பெண் மீது குரல் உயர்ந்தால், வேலையை நிறுத்திவிட்டு அவளை உள்ளே அனுப்புங்கள்.