புது சர்வருக்கு மாறியதும் டேட்டாபேஸ் எட்டவில்லையா? கதவை மொத்தமாகத் திறக்காதீர்கள்

எம்.சி. ரோட்டுத் துணிக்கடையோ, பாரிமுனையில் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகமோ, கதை ஒன்றுதான். மேஜைக்கடியில் தூசு படிந்து கிடந்த சர்வரிலிருந்து மைஎஸ்க்யூஎல்லில் ஓடும் பில்லிங் டேட்டாபேஸை கிளவுடுக்குத் தூக்குகிறார்கள். டம்ப் (டேட்டாபேஸின் நகல் ஃபைல்) எடுத்து ஏற்றுகிற வரை சிக்கல் இல்லை. பெரம்பூர் கிளையில் முதல் பில் போடும்போதுதான் எர்ரர். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் விழுகிற குழிகள், நாங்களெல்லாம் விழுந்து எழுந்த அதே குழிகள். பாஸ்வேர்டைத் தப்பாக அடிப்பது, ஐபியில் ஓர் எண் விட்டுப்போவது எல்லாம் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். மற்றவற்றைச் சொல்லியாக வேண்டும்.

எர்ரர் எண்ணைப் படிக்காமல் கை வைப்பது

எர்ரர் 2003, அதாவது சர்வரோடு இணைய முடியவில்லை என்று வந்தால் அதோடு நிற்காதீர்கள். அதன் கடைசியில் அடைப்புக்குள் இருக்கும் எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. கடை கம்ப்யூட்டர் விண்டோஸ் என்றால் 10060 அல்லது 10061. லினக்ஸ் என்றால் 110 அல்லது 111.

10060, 110 என்றால் தட்டியும் பதிலே இல்லை. பெரும்பாலும் ஃபயர்வால். கிளவுட் கம்பெனியின் பேனலில் ஒரு ஃபயர்வால், சர்வருக்குள் உபுண்டுவின் சொந்த ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூ இன்னொன்று. ஒன்றில் வழிவிட்டு மற்றதை மறந்திருப்பார்கள். 10061, 111 என்றால் பொதுவாக சர்வர் வரை போய்விட்டீர்கள், ஆனால் மைஎஸ்க்யூஎல்லின் போர்ட்டான 3306-ல் உங்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை. உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல் போட்டால் பைண்ட் அட்ரஸ் (எந்த முகவரியில் காத்திருக்க வேண்டும் என்ற அமைப்பு) 127.0.0.1, அதாவது அதே சர்வருக்குள்ளிருந்து வருபவர்களுக்கு மட்டும், என்றுதான் இருக்கும். அதை மாற்றியும் பலனில்லை என்றால் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தீர்களா, வேறொரு கான்ஃபிக் ஃபைலில் அதே வரி பழைய மதிப்போடு இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகப் படிக்கப்படுவதுதான் செல்லும்.

1130, அதாவது இந்த முகவரியிலிருந்து வர அனுமதி இல்லை என்று வந்தால் நெட்வொர்க்கைத் தொடாதீர்கள், அது சரியாகத்தான் இருக்கிறது. கடைக்குள் இருந்தவரை கணக்கு 'பில்லிங்'@'192.168.1.%' (@-க்குப் பின்னால் இருப்பது எங்கிருந்து வரலாம் என்பது, % இருக்கும் இடத்தில் எதுவும் வரலாம்). இப்போது கிளையிலிருந்து போவது பிராட்பேண்டின் பப்ளிக் ஐபி. பெயரும் பாஸ்வேர்டும் அதேதான் என்றாலும் மைஎஸ்க்யூஎல்லுக்கு அது வேறு ஆள்.

"எல்லாத்தையும் திறந்து வெச்சுப் பார்ப்போம், அப்புறம் மூடிக்கலாம்"

இதைப் பார்த்தால் இன்றும் கோபம் வருகிறது. ஆடித் தள்ளுபடிக் கூட்டம், கவுன்டரில் வரிசை, முதலாளி போன்மேல் போன். பதற்றத்தில் பைண்ட் அட்ரஸ் 0.0.0.0 (எல்லா முகவரியிலும்), ஃபயர்வாலில் 3306 ஊருக்கே, கணக்கு 'பில்லிங்'@'%', பாஸ்வேர்டு கடைப் பெயரோடு 123. நாலையும் ஒரே மூச்சில் மாற்றுகிறார்கள். பில் ஓடிவிடுகிறது. எதனால் சரியானது என்று தெரியாததால் எதைத் திரும்ப மூடலாம் என்றும் தெரிவதில்லை. தொட்டால் மறுபடி நின்றுவிடுமோ என்ற பயத்தில் அப்படியே விடுகிறார்கள்.

திறந்து கிடக்கும் 3306-ஐத் தேடிப் பாஸ்வேர்டு போட்டுப் பார்ப்பதற்கென்றே போட்கள் (தானாக இயங்கும் புரோகிராம்கள்) இணையத்தில் இரவு பகலாகச் சுற்றுகின்றன. ஒரு காலை கடை திறக்கும்போது ஸ்டாக், கடன் பாக்கி, ஜிஎஸ்டி பில் எந்த டேபிளும் இருக்காது. புதிதாக ஒரே ஒரு டேபிள். அதில் ஒரே வரி: "டேட்டா எங்களிடம் இருக்கிறது, பிட்காயின் அனுப்பு." 2017-லிருந்தே இது நடக்கிறது. பணம் கட்டியும் திரும்பக் கிடைக்காதவர்கள் உண்டு, ஏனென்றால் பல சமயம் பணம் கேட்பவர்கள் பிரதியே எடுப்பதில்லை, அழிப்பதோடு சரி.

கணக்கில் % போடுவதற்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் சொல்லும் காரணம் நியாயமானதுதான். திருவொற்றியூர் கிளையில் கரன்ட் போய் மோடம் திரும்ப வந்தால் ஐபி மாறிவிடுகிறது, ஃபயர்வாலில் எந்த ஐபியை எழுதுவது? எதையும் எழுத வேண்டாம், 3306-ஐ வெளியே காட்டவே வேண்டாம்.

ஒரே ஒரு கம்ப்யூட்டர் என்றால் எஸ்எஸ்ஹெச் டனல் (சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் இணைப்புக்குள்ளேயே போடும் ரகசிய வழி) போதும். கம்ப்யூட்டரின் 3307-ஐ சர்வரின் 127.0.0.1, 3306-ஓடு இணையுங்கள். பில்லிங் மென்பொருளில் ஹோஸ்ட் 127.0.0.1, போர்ட் 3307. பைண்ட் அட்ரஸைத் தொட வேண்டியதில்லை. கணக்கும் 'பில்லிங்'@'localhost', அதாவது அதே சர்வருக்குள்ளிருந்து வருவதற்கு உரிய கணக்கு, போதும்.

கிளைகள் பல என்றால் வயர்கார்ட் என்கிற விபிஎன் (கிளைகளையும் சர்வரையும் இணைக்கும் தனி ரகசிய நெட்வொர்க்). இதற்காக வெளியே திறப்பது யுடிபி 51820 மட்டும். சர்வருக்கு 10.8.0.1, கிளைகளுக்கு 10.8.0.2, 10.8.0.3 என்று மாறாத முகவரி. கணக்கு 'பில்லிங்'@'10.8.0.%'. கிளைப் பக்கம் கீப்அலைவ் (இணைப்பு உயிரோடு இருக்க அவ்வப்போது அனுப்பும் சின்னத் தட்டல்) 25 வினாடி வையுங்கள், இல்லையென்றால் சும்மா இருக்கும் நேரத்தில் மோடம் வழியை மூடிவிடும். மைஎஸ்க்யூஎல் 8.0.13-லிருந்து பைண்ட் அட்ரஸில் கமா போட்டு 127.0.0.1, 10.8.0.1 இரண்டையும் எழுதலாம். ஒரு எச்சரிக்கை: சர்வர் ரீபூட் ஆகும்போது வயர்கார்டுக்கு முன்னால் மைஎஸ்க்யூஎல் எழுந்தால் 10.8.0.1 இருக்காது, சர்வீஸே கிளம்பாது. வயர்கார்டுக்குப் பிறகு மைஎஸ்க்யூஎல் கிளம்பும்படி சிஸ்டம்டியில் (லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்புவது) வரிசையைச் சொல்லிவையுங்கள்.

யூசர் கணக்கும் டம்ப்போடு வந்துவிடும் என்று நம்புவது

வராது. ஒரு டேட்டாபேஸை மட்டும் டம்ப் எடுத்தால் கணக்குகள் பழைய சர்வரிலேயே நிற்கும்.

பழைய டிரைவரோடு மைஎஸ்க்யூஎல் 8-க்குப் போவது

எர்ரர் 2059 வரும், பில்லிங் மென்பொருளை டேட்டாபேஸோடு இணைக்கும் டிரைவருக்குப் புதுப் பாஸ்வேர்டு முறை தெரியவில்லை என்று அர்த்தம். டிரைவரைப் புதுப்பியுங்கள். பழைய பாஸ்வேர்டு முறைக்கு இறங்காதீர்கள், 8.4-ல் அது அணைத்தே வருகிறது.

பழைய சர்வரை ஓட விடுவது

இதில் எர்ரரே வராது, அதுதான் ஆபத்து. டொமைன் பெயர் புது ஐபிக்கு மாறியும், டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றித் தருவது) நினைவில் பழையது இருக்கும் கிளை பழைய சர்வரிலேயே பில் போட்டுக்கொண்டிருக்கும். முந்தின நாளே டிடிஎல்லை, அதாவது டிஎன்எஸ் ஐபியை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 வினாடிக்குக் குறையுங்கள். கடைசி டம்ப் எடுக்கும் முன் பழைய சர்வரை சூப்பர் ரீட் ஒன்லியில் (படிக்கலாம், யாரும் எழுத முடியாது என்ற நிலையில்) போடுங்கள். அப்போது தவறி வரும் பில் உடனே எர்ரர் காட்டி நிற்கும். இதைச் செய்யாமல் விட்ட இடத்தில், ஒரே பில் நம்பர் இரண்டு சர்வரிலும் வேறு வேறு தொகையோடு உட்கார்ந்திருக்கும். அதைப் பிரிக்க கவுன்டர் நகல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கையால்தான் ஒப்பிட வேண்டும்.