தொட்டி கழுவும் முறை: முதலில் தேய்ப்பு, அப்புறம்தான் பவுடர்

எங்கள் தெருவில் தொட்டி கழுவ ஆள் வந்தால், "அக்கா, பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடணும்?" என்று என்னிடம் கேட்டு வருவார்கள். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் இந்த மரியாதை. "சுவரைத் தேய்ச்சாச்சா?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். பாதிப் பேருக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. பவுடரைக் கொட்டினால் கிருமி செத்துவிடும், அப்புறம் எதற்குத் தேய்ப்பு என்பது அவர்கள் கட்சி. பவுடர் கணக்கைக் கீழே சொல்கிறேன். தொட்டிக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்கு 37 டிகிரி சூடும் நல்ல சாப்பாடும் கொடுத்தால் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். ஒன்றில் ஆரம்பித்தால் பத்து மணி நேரத்தில் 107 கோடி. இதைச் சொல்லித்தான் எல்லோரும் பயமுறுத்துவார்கள். ஆனால் இது லேப் கணக்கு. வீட்டுத் தொட்டியில் அதற்கு அவ்வளவு வசதி கிடையாது. பெரும்பாலும் பெருகாமல், சில நாட்கள் தாக்குப்பிடித்துவிட்டுச் செத்துப்போகும். தொட்டியில் நிஜமாகவே பெருகுவது வேறு கூட்டம். மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்ந்து பழகிய பாக்டீரியாக்கள் சுவரில் ஒட்டிக்கொண்டு, பிசின் மாதிரி ஒன்றைச் சுரந்து, அதற்குள்ளேயே குடித்தனம் நடத்துகின்றன. உயிரிப்படலம் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை நமக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் குழாய் உடைப்பு வழியாகச் சாக்கடைக் கிருமி ஒன்று உள்ளே வந்துவிட்டால், அது பதுங்க இடம் கொடுப்பது இந்தப் படலம்தான்.

உங்கள் வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். தொட்டி பாதி காலியாக இருக்கும்போது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே சுவரை நகத்தால் சுரண்டுங்கள். நகத்தடியில் பழுப்பாகக் கொஞ்சம் வரும். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினால் வெண்டைக்காய்ச் சாறு போல வழுக்கும். பக்கெட்டில் பிடித்துப் பார்த்தால் தண்ணீர் பளிச்சென்று இருக்கும், ஆனால் சுவரில் இது இருக்கும். பவுடரிலிருந்து வரும் குளோரின் இந்தப் படலத்தின் மேல்தோலோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். அடியில் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது, இரண்டு மூன்று நாளில் மறுபடி வளர்ந்துவிடும். அழுக்கும் சேறும் கிடக்கிற தொட்டியில் குளோரினைக் கொட்டினால் இன்னொரு வம்பும் உண்டு. மக்கிய பொருளோடு குளோரின் சேர்ந்தால் டிரைஹாலோமீத்தேன் என்ற வகை ரசாயனங்கள் உண்டாகும். 1974-இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரக் குடிநீரை ஆராய்ந்த யோஹானஸ் ரூக் இதை வெளியிட்டார். நீண்ட காலம் உடம்பில் சேர்வது நல்லதில்லை. இரண்டு காரணத்துக்கும் மருந்து ஒன்றுதான், தேய்ப்பு.

சரி, வேலைக்கு வருவோம். வருடத்துக்கு இரண்டு முறை போதும். ஆடிக்கு முன்னால் ஒன்று, மழை முடிந்து கார்த்திகைக்குப் பிறகு ஒன்று. முந்தின நாளே மோட்டார் போடாமல் தண்ணீரைச் செலவழித்து விடுங்கள். ஆயிரம் லிட்டரைச் சாக்கடையில் விட மனசு வராது. ஆர்.ஓ. மெஷினுக்கும் வாஷிங் மெஷினுக்கும் போகும் வால்வுகளை மூடுங்கள். ஆர்.ஓ.வின் மெம்பிரேனை, அதாவது வடிகட்டும் சவ்வை, குளோரின் கெடுத்துவிடும், மாற்றச் செலவு அதிகம்.

வீட்டில் சம்ப் இருந்தால் முதலில் சம்ப், அப்புறம் மொட்டைமாடித் தொட்டி, கடைசியில் குழாய்கள். தலைகீழாகச் செய்தால் கழுவிய தொட்டிக்கு அழுக்குத் தண்ணீரை நாமே ஏற்றுவோம்.

சம்ப் பற்றி ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். நெடுநாள் மூடிக் கிடந்த சம்ப்பில் ஆக்சிஜன் குறைந்திருக்கும். மூடியைத் திறந்து வெகுநேரம் காற்றாட விட்டு, ஃபேன் வைத்துக் காற்றை உள்ளே தள்ளிய பிறகே இறங்க வேண்டும். மேலே ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும், இறங்குகிறவர் இடுப்பில் கயிறு இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் மயங்கினால் மேலே நிற்பவர் குதித்து இறங்கக் கூடாது. ஒருவரைத் தொடர்ந்து இன்னொருவர் என்று போய்ச் சேர்வது அப்படித்தான். பெட்ரோலில் ஓடும் பம்ப்பை உள்ளே இறக்கவே இறக்காதீர்கள். செப்டிக் டேங்க்கில் மனிதரை இறக்குவது பேச்சுக்கே இடமில்லை, பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவது 2013 சட்டப்படி குற்றம்.

தேய்க்க நைலான் பிரஷ் போதும். கம்பி பிரஷ் பிளாஸ்டிக்கில் கீறல் போடும்; அடுத்த படலம் ஒட்ட அந்தக் கீறலே வசதி. சோப்புத்தூள் வேண்டாம், அலசி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சுவரை எல்லோரும் தேய்ப்பார்கள். மூடியின் அடிப்பக்கம், தண்ணீர் விழும் குழாயின் வாய், மிதவை வால்வின் தண்டு, மூலை மடிப்பு, இவற்றைத்தான் விட்டுவிடுவார்கள். அடியில் நிற்கும் சேற்றை வெளியேறும் குழாய் வழியாகத் தள்ளக் கூடாது. மக்கில் மொண்டு, துணியால் ஒற்றி எடுங்கள். இல்லையென்றால் அது வீட்டுக் குழாய்களின் சல்லடையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தேய்க்கும்போது பச்சையாகப் பாசி வந்தால் எங்கிருந்தோ வெளிச்சம் புகுகிறது என்று அர்த்தம். கறுப்புத் தொட்டி விற்பது அழகுக்கு அல்ல. மூடி விரிந்திருந்தாலும் பாசி வரும். பாசி செத்தால் அதுவே பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. புது மூடி வாங்கிவிடுங்கள். நிரம்பி வழியும் குழாயின் வாயில் நைலான் வலை கட்டுங்கள். பல்லி விழாது, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவும் உள்ளே போய் முட்டையிடாது.

இப்போது பவுடர். மூட்டையைத் திறந்து வைத்து, தராசில் நிறுத்துக் கொடுக்கும் கடையில் வாங்காதீர்கள். புது பிளீச்சிங் பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் கிடைக்கும். காற்றும் ஈரமும் பட்டால் நாளுக்கு நாள் இறங்கி, கடைசியில் வெறும் சுண்ணாம்பு மிஞ்சும். கட்டி கட்டியாக, ஈரமாக, நெடி இல்லாமல் இருந்தால் அது தெருவில் கோடு போடத்தான் லாயக்கு. தேதி அச்சிட்ட, சீல் வைத்த பாக்கெட்டாக வாங்கி, மிச்சத்தை இறுக மூடி இருட்டில் வையுங்கள்.

தேய்த்து அலசிய 1000 லிட்டர் தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்பது கணக்கு. புதுப் பவுடர் என்றால் 150 கிராம், கொஞ்சம் பழசு என்று சந்தேகம் வந்தால் 200 கிராம். பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீர் எடுத்து, பவுடரை அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் குச்சியால் கலக்குங்கள். அரைமணி நேரம் அப்படியே வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். கையுறை போடுங்கள், காற்று வரும் இடத்தில் நில்லுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட் பாட்டில் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.

ஊற்றிய பிறகு வீட்டில் ஒவ்வொரு குழாயாகத் திறந்து, குளோரின் வாசனை வரும்வரை விட்டு மூடுங்கள். குழாயின் உள்சுவரிலும் அதே வழுவழுப்பு இருக்கிறது. அங்கே பிரஷ் போகாது, இந்தத் தண்ணீர்தான் போக வேண்டும். இரவு முழுக்க விட்டுவிடுங்கள். அன்றைய சமையலுக்குத் தனியாகக் குடத்தில் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

காலையில் இந்தத் தண்ணீரை எங்கே விடுவது? செடிக்கு வேண்டாம், மீன் இருக்கிற குளம் குட்டைக்கு வேண்டவே வேண்டாம். செப்டிக் டேங்க்கிலும் விடாதீர்கள். அங்கே காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் நம் கழிவைத் தின்று கரைத்துக்கொண்டிருக்கின்றன. ஆயிரம் லிட்டர் குளோரின் தண்ணீர் போனால் அவை அடிபடும். அப்புறம் டேங்க் சீக்கிரம் நிரம்பி, லாரிக்கு போன் போட வேண்டியதுதான். தினமும் டாய்லெட்டில் ஆசிட்டும் பினாயிலும் தாராளமாக ஊற்றும் வீடுகளுக்கும் இதே கதைதான். தொட்டித் தண்ணீரை மாடித் தளம், முன்வாசல் சிமெண்ட் தரை கழுவப் பயன்படுத்தலாம். இடமிருந்தால் அகலப் பாத்திரங்களில் ஒரு பகல் வெயிலில் வையுங்கள். சூரிய ஒளி குளோரினை நன்றாகவே குறைத்துவிடும்.

கழுவி முடித்த தொட்டிக்குத் தினசரி அளவு மிகக் குறைவு: 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம் பவுடர். ஸ்பூன் கணக்கு சரிப்படாது, சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். இதையும் தெளிய வைத்து ஊற்றி, அரைமணி நேரம் கழித்துப் புழங்கலாம். கார்ப்பரேஷன் தண்ணீரில் ஏற்கெனவே குளோரின் இருந்தால் இது தேவையே இல்லை. இருக்கிறதா என்பதைக் குளோரோஸ்கோப்பில் பாருங்கள்: குழாய்த் தண்ணீரில் சில சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும், அதைப் பக்கத்து வண்ணத்தோடு ஒப்பிட வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். மஞ்சளே வரவில்லை என்றால் அந்தத் தண்ணீருக்குக் காவல் இல்லை.

கார்ப்பரேஷன் சுத்தமாக அனுப்பினாலும் வழியில் கெடும். எங்கள் திருச்சியில் கொள்ளிடத்துத் தண்ணீர் நாள் முழுக்கக் குழாயில் நிற்பதில்லை, நேரம் வைத்து விடுகிறார்கள். தண்ணீர் நின்ற நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. விரிசல் இருந்தால் வெளியே கசியும் சாக்கடை உள்ளே போகும். இதில் சிலர் மெயின் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். நாலு குடம் கூடக் கிடைக்கிறது, கூடவே சாக்கடையும் வருகிறது, அதுவும் தெருவுக்கே. காலரா, டைஃபாய்டு, மஞ்சள் காமாலையில் சில வகை எல்லாம் பயணம் செய்வது இந்த வழியில்தான். காலராவின் ஓ139 என்ற புது வகை 1992-இல் முதலில் தலைகாட்டியது நம் சென்னையில். வெறும் பழங்கதை என்று காலராவை ஒதுக்க முடியாது. தண்ணீர் விட்டதும் முதல் சில நிமிடம் வருவதைச் சம்ப்பில் ஏற்றாமல் வெளியே விடுங்கள்.

சமையலறைக்குள் வந்தால் வேறு சிக்கல். ஆர்.ஓ. மெஷினில் இருக்கும் கரி, குளோரினை எடுத்துவிடும். வடிகட்டிய தண்ணீர் மெஷினின் சின்னத் தொட்டியில் காவலில்லாமல் நிற்கிறது. அந்தத் தொட்டியிலும் வழுவழுப்பு வரும், சர்வீஸ் தம்பியைக் கேட்டால் திறந்து காட்டுவார். கேன் தண்ணீர் வைக்கும் டிஸ்பென்சரின் குழாய்மூக்கும் அப்படித்தான். மாதம் ஒரு முறையாவது கழற்றிக் கழுவுங்கள். கொதிக்கவைத்த தண்ணீரில் கையோடு டம்ளரை முக்கி எடுத்தால் கொதிக்கவைத்த கேஸ் தண்டம். குழாய் வைத்த பாத்திரம் வாங்குங்கள். குளோரினுக்கு எளிதில் மசியாத கிரிப்டோஸ்போரிடியம் மாதிரி ஒட்டுண்ணிகளும் தளதளவென்று கொதித்தால் சாகும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் நான் கொதிக்கவைக்கத்தான் சொல்வேன்.

எல்லாம் செய்தபின் சோதித்துப் பார்க்க மலிவான வழி ஹெச்2எஸ் (ஹைட்ரஜன் சல்பைடு) பாட்டில். 1982-இல் மஞ்சா, மௌரியா, ராவ் என்ற நம் நாட்டு விஞ்ஞானிகள் வெளியிட்ட முறை. பாட்டிலில் கோடு வரை தண்ணீர் பிடித்து, மூடி, வீட்டுக்குள் வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வையுங்கள். மலக் கிருமி கலந்திருந்தால் உள்ளே கறுத்துப்போகும். போர்வெல் தண்ணீரில் இயற்கையாகவே சல்பைடு இருந்தாலும் கறுக்கும்; அப்போது லேப்பில் கொடுத்து உறுதிசெய்ய வேண்டும்.

லேப்பில் நாங்கள் பார்ப்பது இன்னும் திட்டமானது. கிருமி வளர்க்கும் ஊதா நிற மக்கான்கி குழம்புள்ள கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரை விட்டு இன்குபேட்டரில் வைப்போம். ஒவ்வொன்றுக்குள்ளும் விரல்நீளச் சின்னக் குழாய் ஒன்று தலைகீழாக நிற்கும். ஈ.கோலையும் அதன் உறவுக் கிருமிகளும் அடங்கிய கோலிஃபார்ம் கூட்டம் இருந்தால் ஊதா மஞ்சளாக மாறி, அந்தச் சின்னக் குழாயின் உச்சியில் ஒரு காற்றுக் குமிழி சேர்ந்திருக்கும். 44 டிகிரியிலும் அது நடந்தால் மலக் கிருமி என்ற சந்தேகம் வலுத்துவிடும். குடிநீரில் 100 மில்லிக்கு ஒரு ஈ.கோலைகூட இருக்கக் கூடாது.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகம் உண்டு. கிருமிச் சோதனைக்குக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போகாதீர்கள், சுத்திகரித்த பாட்டிலை அங்கேயே கேட்டு வாங்குங்கள். அதன் அடியில் துளி தயோசல்பேட் இருக்கும், கொட்டிக் கழுவிவிட வேண்டாம். தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரின் வழியிலேயே கிருமியைக் கொன்று நல்ல ரிசல்ட் காட்டிவிடாமல் தடுப்பது அதன் வேலை. குழாய்மூக்கை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தில் விரல் படாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம். சோதனைக்கு இரண்டு நாளாவது ஆகும், சனி ஞாயிறில் குழாயைப் பார்க்க ஆள் இருக்காது. திங்கள் காலை நல்ல நேரம்.