பெரிய டயர் போட்ட பிறகு ஸ்பீடோமீட்டரைத் திருத்தும்போது செய்யக் கூடாதவை

ஹைலக்ஸ் மாதிரி பிக்கப்பில் 265/65 ஆர்17 டயரைக் கழற்றிவிட்டு 285/70 ஆர்17 மாட்டுகிறவர்கள் நிறையப் பேர். டயரின் பக்கத்தில் இருக்கும் எண்களை வைத்துக் கணக்குப் போட்டால் பழைய டயரின் உயரம் 776 மி.மீ., புதியது 831 மி.மீ. அதாவது 7 சதவீதம் கூடுதல். மீட்டருக்குத் தெரிந்ததெல்லாம் சுற்றுக் கணக்குதான். ஒரு சுற்றில் வண்டி இப்போது கூடுதல் தூரம் போகிறது என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும். இந்தச் சொல்லும் வேலையில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள்.

முதல் தவறு, போனில் ஜிபிஎஸ் வேகத்தைப் போட்டுக்கொண்டு, முள் அதோடு ஒட்டி நிற்கும் வரை மீட்டரைத் திருத்துவது. பார்க்கச் சரியாகத்தான் தெரியும். ஆனால் கம்பெனியிலிருந்து வரும்போதே முள் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், அது வேண்டுமென்றே செய்வது. ஸ்பீடோமீட்டருக்கென்று இருக்கும் ஐ.நா.வின் 39-ஆம் விதிப்படி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், அதுவும் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் 4 கி.மீ.யும் சேர்ந்த அளவு வரை. உண்மையில் 80-ல் போகும் வண்டியில் முள் 92 வரை காட்டினாலும் விதி மீறல் இல்லை.

இந்தக் கூட்டல் பொதுவாக முள்ளுக்கு மட்டும்தான். அதே சிக்னலில் ஓடும் கிலோமீட்டர் எண்ணில் அது கிடையாது. உங்கள் வண்டியில் முள் 4 சதவீதம் கூட்டிக் காட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 சதவீதம் பெரிய டயர் போட்டதும் உண்மையான 100-க்கு முள் 97 காட்டும். 3 சதவீதம் திருத்தினால் முள் ஜிபிஎஸ்ஸோடு பொருந்திவிடும். ஆனால் கிலோமீட்டர் எண் இன்னும் 4 சதவீதம் குறைவாகவே ஏறிக்கொண்டிருக்கும். அதனால் நான் எப்போதும் சொல்வது இதைத்தான்: தூரத்தைத் திருத்துங்கள், முள்ளை அதன் போக்கில் விடுங்கள். நேரான நெடுஞ்சாலையில் 20 கி.மீ. ஓட்டி, ட்ரிப் மீட்டரையும் ஜிபிஎஸ் தூரத்தையும் ஒப்பிட்டால் எத்தனை சதவீதம் திருத்த வேண்டும் என்று தெரிந்துவிடும். தூரம் சரியானால் முள் பழையபடி 104 காட்டும். காட்டட்டும், அப்படித்தான் இருக்க வேண்டும்.

கிலோமீட்டர் எண்ணை அலட்சியப்படுத்த வேண்டாம். 7 சதவீத வித்தியாசத்தில், 10,000-த்தில் ஆயில் மாற்றுகிறோம் என்று நினைக்கும்போது வண்டி 10,700 ஓடியிருக்கும். லிட்டருக்கு 12 கொடுத்த வண்டி 11.2 கொடுப்பதாகத் தெரியும். பெரிய டயரால் மைலேஜ் குறைவது உண்மைதான், ஆனால் புலம்பலில் ஒரு பங்கு இந்த மீட்டர் கணக்கால் வருவது.

அடுத்து, டயரின் மேல் அச்சடித்த எண்ணை மட்டும் நம்புவது. என் வண்டியில் பழைய டயர் இருக்கும்போதே ஒருமுறை அளந்துவைத்தேன். காற்று சரியாக அடித்து, டயரின் அடியில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேரே சிமென்ட் தரையில் ஒரு கோடு. ஒருவர் மெதுவாக உருட்ட, டயர்க் கோடு பத்தாவது முறை தரைக்கு வந்த இடத்தில் இன்னொரு கோடு போட்டு டேப் பிடித்தேன். 23.4 மீட்டர். புதிய டயர் போட்டு அதே இடத்தில் அளந்தபோது 25.4 மீட்டர். கணக்கு 7 சதவீதம் என்றது, டேப் எட்டரை என்றது. பழைய டயர் தேய்ந்து உயரம் இறங்கியிருந்ததுதான் காரணம். பாரம் ஏறிய டயர் கீழே அமுங்குவதால், ஒரு சுற்றில் போகும் தூரமும் காகிதக் கணக்கைவிடக் கொஞ்சம் குறைவு. தரையைத் தொடும் ரப்பர் கட்டிகளான பட்டன் 8 மி.மீ. முழுதும் தேய்ந்தால் உயரத்தில் 16 மி.மீ. போய்விடும், ஏறக்குறைய 2 சதவீதம். அதனால் அரை சதவீதத்துக்காக யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

லாரியில் நேர் எதிரான தவறு நடக்கும். 10.00-20 டயரிலிருந்து 295/80 ஆர்22.5-க்கு மாறும்போது, 20 போய் 22.5 வந்துவிட்டதே, மீட்டர் தப்பாகிவிடும் என்று பதறுவார்கள். அந்த எண் ரிம்முக்கு உரியது. டயரின் உயரம் முன்பு சுமார் 1,050 மி.மீ., இப்போது 1,043. திருத்த ஒன்றுமே இல்லை.

கேபிளில் ஓடும் பழைய மீட்டராக இருந்தால் கியர் பாக்ஸில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரத்தை மாற்ற வேண்டும். பெரிய டயருக்குப் பெரிய சக்கரம் என்று பல் கூடியதை வாங்கிவந்து போடுவார்கள், தவறு இரண்டு மடங்காகிவிடும். கேபிள் வேகமாகச் சுற்ற வேண்டுமானால் பல் குறைய வேண்டும். 20 பல் இருந்த இடத்தில் 19 போட்டால் 5 சதவீதம் கூடும், 18 போட்டால் 11. நடுவில் எதுவும் கிடையாது. 7 சதவீதத்துக்கு 19-தான் நெருக்கம்.

எலெக்ட்ரானிக் மீட்டரில் சிக்னலைத் திருத்தும் சின்னப் பெட்டி கிடைக்கிறது. கியர் பாக்ஸ் சென்சாரிலிருந்து மீட்டருக்கு ஒற்றை ஒயர் வரும் வண்டிக்கு அது நல்ல தீர்வு. வீலில் இருக்கும் ஏபிஎஸ் சென்சாரிலிருந்து வேகம் எடுக்கும் வண்டியில் அந்த ஒயரை வெட்டவே வெட்டாதீர்கள். அது பிரேக்கின் ஒயர். அங்கே ஸ்கேனர் போட்டு டயர் அளவை மாற்ற முடியுமா என்று சர்வீஸில் கேளுங்கள். எத்தனை முறை மாற்றலாம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அமெரிக்காவில் 1990-களில் வந்த ஃபோர்டு எஃப்-150-இல் மீட்டரில் டயர் அளவுக்கான எண்ணை மொத்தம் ஆறு முறைதான் மாற்ற முடியும். அளக்காமல் முயன்று பார்த்தே ஆறையும் தீர்த்தவர்கள் உண்டு.

80-க்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உள்ள சரக்கு வண்டி என்றால், கருவிக்கும் அதே சிக்னல்தான். திருத்தாமல் விட்டால் அது 80 என்று நினைத்துப் பிடிக்கும் இடத்தில் வண்டி 85-ஐத் தாண்டியிருக்கும். பாரத்தோடு போகும் வண்டிக்கு அந்த 5 கி.மீ. சின்ன விஷயம் இல்லை. கருவியின் சீலை நீங்களாக உடைக்காமல், பொருத்தியவரிடமே கொண்டுபோய்ப் புதிய அளவுக்கு அமைத்து வாங்குங்கள். ஆர்டிஓவில் வண்டியைக் காட்டும்போது கேள்வி வரும் இடமும் இதுதான்.

எல்லாம் முடிந்ததும் சர்வீஸ் புத்தகத்தில் தேதி, மீட்டர் காட்டிய கிலோமீட்டர், பழைய அளவு, புதிய அளவு, எத்தனை சதவீதம் திருத்தினீர்கள் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். திருத்தாமல் ஓட்டிய காலத்தில் மீட்டர் 20,000 ஏறியிருந்தால், அதன் பக்கத்தில் உண்மையில் 21,400 என்றும் குறித்துவையுங்கள்.