இங்கிலாந்தில் தொல்லியல் வேலைக்கு வர நினைக்கிறீர்களா?

கீழடி செய்திகள் வரத் தொடங்கியதிலிருந்து தொல்லியல் படிக்கும் பிள்ளைகள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "அக்கா, இங்கிலாந்துல இதுக்கு வேலை இருக்கா?" இருக்கிறது. ஆனால் பலர் தேடும் இடத்தில் இல்லை. பல்கலைக்கழகத்திலும் அருங்காட்சியகத்திலும் இடங்கள் மிகக் குறைவு. நம் ஊரில் அகழாய்வு என்றால் அரசுத் துறையோ பல்கலைக்கழகமோ நடத்தும். இங்கே பெரும்பாலான அகழாய்வுகளைச் செய்பவை தொல்லியல் நிறுவனங்கள். அப்படி ஒன்றில்தான் நானும் தள மேற்பார்வையாளராக இருக்கிறேன்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள், நேர்முகத் தேர்வில் கண்டிப்பாக உதவும். 1989இல் லண்டன் சதக்கில் அலுவலகக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது, 1587இல் கட்டிய ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டது. அதை மூடக்கூடாது என்று நடிகர்களும் பொதுமக்களும் திரண்டார்கள். அடுத்த ஆண்டே, 1990 நவம்பரில், பிபிஜி 16 என்ற அரசு வழிகாட்டுதல் வந்தது. நிலத்தைக் கிளறப் போகிறவர்தான் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவும், பதிவு செய்யவும், அதற்குச் செலவழிக்கவும் வேண்டும் என்பது நடைமுறையானது. வழிகாட்டுதலின் பெயர் பின்னால் மாறிவிட்டது, நடைமுறை நிலைத்துவிட்டது. நம் சம்பளம் வருவது அந்தப் பணத்திலிருந்துதான்.

ஆகவே நீங்கள் தோண்டும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது ஆராய்ச்சிக் கேள்வி அல்ல, வீட்டு மனையும் சாலையும் ரயில்பாதையும்தான். லண்டன் யூஸ்டன் நிலையத்துக்குப் பக்கத்தில் ரயில்பாதைக்காகப் பழைய இடுகாடு ஒன்றைத் தோண்டினார்கள். ஆஸ்திரேலியாவைக் கப்பலில் சுற்றிவந்த மேத்யூ ஃபிளிண்டர்ஸின் சவப்பெட்டி அங்கேதான் கிடைத்தது. பெட்டி மேலிருந்த ஈயத் தகடுதான் அவரை அடையாளம் காட்டியது. ஆனால் வழக்கமான நாள் அப்படி இருக்காது. பொக்லைன் ஓட்டுநரின் பக்கத்தில் நின்று, பல் இல்லாத பக்கெட்டால் மேல்மண்ணைச் சீவச் சொல்லி, கீழ்மண் நிறம் மாறும் இடத்தில் கை காட்டி நிறுத்துவீர்கள். பல குழிகளில் ஒன்றுமே இருக்காது. அதையும் எழுதிவைக்க வேண்டும்.

சரி, எதைக் கற்றுக்கொண்டு வரவேண்டும்? என்னைக் கேட்டால் பதிவுப் படிவம் எழுதுவதை. தோண்டிய மண்ணைத் திரும்ப வைக்க முடியாது. வேலை முடிந்ததும் அங்கே கான்கிரீட் விழும். பிறகு மிஞ்சுவது உங்கள் தாள் மட்டுமே.

ஒரு பழைய வாய்க்காலை எடுத்துக்கொள்வோம். குறுக்கே ஒரு மீட்டர் அகலத்துக்கு வெட்டி, வெட்டுமுகத்தைக் கரணையால் சீவிச் சுத்தம் செய்யுங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் தெளியுங்கள், நிறங்கள் பிரிந்து தெரியும். வாய்க்காலை வெட்டிய செயலுக்கு ஓர் எண், அதை நிரப்பிய ஒவ்வொரு மண்ணுக்கும் தனித்தனி எண். வெட்டுக்குச் சதுர அடைப்புக்குறி, நிரப்புக்கு வளைந்தது என்பது பல தளங்களில் வழக்கம். அப்புறம் ஒரு பிடி மண்ணை ஈரமாக்கிப் பிசையுங்கள். உருட்ட வராமல் உதிர்ந்தால் மணல், வழவழவென்று இருந்தால் வண்டல், நாடாபோல் நீண்டால் களிமண். "பழுப்பு மண்" என்று எழுதினால் திருப்பித் தந்துவிடுவேன். "ஓரளவு இறுகிய, சாம்பல் கலந்த பழுப்பு நிற மணல் வண்டல், அங்கங்கே சிறு கரித்துண்டுகள்" என்று எழுதுங்கள். நிரப்பு ஒரு பக்கத்திலிருந்தே சரிந்திருந்தால் அந்தப் பக்கம் மண்கரை இருந்திருக்கலாம். இதையும் எழுதுங்கள், ஆனால் கண்ணால் கண்டது வேறு, நீங்கள் ஊகிப்பது வேறு என்று படிவத்தில் பிரித்துக் காட்டுங்கள். வெட்டுமுகத்தை 1:10 அளவில் வரையுங்கள்.

இந்தியாவில் பயின்றவர்களுக்கு இங்கே ஒரு தடுமாற்றம் வரும். 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்டிமர் வீலர் புகட்டிய சதுரக் குழி முறையில்தான் நாம் பழகுகிறோம். குழிகளுக்கு நடுவே மண்சுவர் விட்டு, பொருள் கிடைத்த ஆழத்தைக் குறிப்போம். இங்கே பெரும்பாலும் திறந்த பரப்பில் ஒவ்வொரு மண் நிகழ்வையும் தனியாகப் பதிந்து, எது முந்தியது எது பிந்தியது என்று எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் உருவாக்கிய வரிசைப்படத்தில் கோப்பார்கள். ஓடு எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்தது என்பதைவிட எந்த நிரப்பில் கிடைத்தது என்பதே முதல் கேள்வி. வருவதற்கு முன்பே இந்த வரிசைப்படத்தைக் காகிதத்தில் போட்டுப் பழகுங்கள். வீலர் முறையில் நீங்கள் பெற்ற மண்ணடுக்கு பார்க்கும் கண் வீண்போகாது.

மற்றவை சுருக்கமாக. கட்டுமானத் தளத்துக்குள் போக சிஎஸ்சிஎஸ் அட்டை கேட்பார்கள், அதற்கான பாதுகாப்புத் தேர்வை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். வாகனம் ஓட்டத் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். இங்கே குடியேறினால் இந்திய உரிமத்தை வைத்து 12 மாதம்தான் ஓட்டலாம், அதற்குள் இங்குள்ள தேர்வில் தேறிவிடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும். மழையுடுப்பில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். வேலை அறிவிப்புகளுக்கு பி.ஏ.ஜே.ஆர். இணையதளத்தைப் பாருங்கள். பட்டயத் தொல்லியலாளர் நிறுவனமான சிஃபாவில் மாணவராகவே சேரலாம்.

சம்பளம் பற்றி உண்மையைச் சொல்கிறேன்: முதுகலைப் படிப்புக்கு ஏற்ற பணம் ஆரம்பத்தில் கிடைக்காது. வேலையும் பல சமயம் சில மாத ஒப்பந்தமாகவே வரும், விசாவில் வருபவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். பயிற்சியாளர், தொல்லியலாளர், மேற்பார்வையாளர், திட்ட அலுவலர், திட்ட மேலாளர் என்று படிகள் போகும். முழங்கால் வலிக்கத் தொடங்கும் முன்பே கைவசம் இன்னொரு திறமை வேண்டும். எலும்பு, பானை ஓடு, தாவர எச்சம், நில அளவை, வரைபடம் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆலோசகர் மேசை இன்னொரு வழி. மனை வாங்குமுன் அங்கே என்ன இருக்கலாம் என்று அறிக்கை எழுதும் வேலை. மாவட்டத் தொல்லியல் பதிவேடு, 1840களின் தசமபாக வரி வரைபடங்கள், விமானத்திலிருந்து லேசர் ஒளியால் நிலத்தின் மேடுபள்ளத்தை அளந்த லைடார் படங்கள் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். லைடார் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுத்து, நீங்களாகவே இரண்டு பக்க மாதிரி அறிக்கை எழுதிப் பாருங்கள், விண்ணப்பத்தோடு இணையுங்கள். கட்டுநர் "அங்கே ஒன்றும் இல்லை" என்ற வரியை எதிர்பார்ப்பார். ஆதாரம் இல்லாமல் அந்த வரியை எழுதாதீர்கள். உங்கள் அறிக்கையை உள்ளாட்சித் தொல்லியலாளர் வரி வரியாகப் படிப்பார், அடுத்த மனைக்கும் உங்கள் பெயரை நினைவில் வைத்திருப்பார்.